துரையின் மார்பளவு

பிச்சாட்டூர்
9-3-2025

மாமாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. உங்கள் நலத்தை விசாரிக்க அங்கே ஆள் இருக்கிறது.

போனில் உங்கள் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குத் திட்டத்தான் வரும். நான் திட்டினால் நீங்கள் லைனை கட் செய்வீர்கள். கடிதத்தை அப்படி நடுவில் நிறுத்த முடியாது. அதனால் இனிமேல் வேலை சம்பந்தமாக எதைச் சொல்வதென்றாலும் பஸ் பார்சலுக்குள் கடிதமாக வைப்போம்.

ஹென்ரிக் திருப்பி அனுப்பிய இரும்பு வளையச் சட்டையை நான்தான் இங்கே எடுத்து வந்திருக்கிறேன், தேடி அலைய வேண்டாம். இரண்டு பக்கமும் பிரித்து, பட்டை சேர்த்து, அகலமாக்கி, மே மாதம் முடிவதற்குள் டென்மார்க்குக்கு அனுப்பப் போகிறேன். ஜூலையில் அவர்கள் ஊரில் அந்தக் காலத்துப் போரை நடத்திக் காட்டும் விழா. இன்னொரு முறை தப்பாக வந்தால் வேறு பட்டறை பார்த்துக்கொள்வேன் என்று அவர் எழுதியது உங்களுக்கும் தெரியும்.

அந்த வீடியோவை இதுவரை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஹென்ரிக் சட்டைக்குள் தலையை விடுகிறார். தலை வெளியே வந்துவிட்டது. தோளில் அழகாக உட்கார்ந்துவிட்டது. மார்புக்கு வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு கையையும் மேலே தூக்கியபடி அந்த ஆறேகால் அடி மனிதர் சுற்றிச் சுற்றி வருகிறார். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். மண்டபமே சிரிக்கிறது. அப்புறம் யாரோ கேமராவைக் கிட்டே கொண்டுபோய்க் கழுத்தில் தைத்திருக்கும் துணிச் சீட்டைக் காட்டுகிறார்கள். 'கைவேலை: தாட்சாயணி, திருப்பதி' என்று இங்கிலீஷில் இருக்கிறது. ஆறு வருடமாக எல்லாச் சட்டையிலும் நரசிம்மா ஆர்ட்ஸ் என்றுதான் போட்டோம். நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு, என் பேர் போட்டு வெளியே போன முதல் சட்டை அது.

அதற்கு நீங்கள் பட்டறையில் நாலு பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்? "அளவு எடுக்கவே தெரில, இதுல பேரு ஒண்ணுதான் கொறச்சலா கீது." அதைக் கேட்ட பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தேன்.

ஒன்பது எம்.எம். வளையம் ஆறாயிரம் வேண்டும். வளையத்தின் இரண்டு முனையையும் சேர்த்து அடிக்க, அதற்குத் தகுந்த பொடி ஆணியும் வேண்டும். ஆணி போகிற ஓட்டை நடுவில் விழட்டும். ஓரத்தில் விழுந்திருந்தால் திருப்பி அனுப்புவேன். காலை பஸ்ஸில் போட்டுவிடுங்கள்.

தாட்சாயணி


திருச்சானூர்
13-3-2025

தாட்சாயணிக்கு,

ஆறாயிரத்து இருநூறு வளையம் வைத்திருக்கிறேன். ஓட்டை எல்லாம் நடுவில்தான் இருக்கிறது. இந்தத் தொழிலை உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அம்மா வீட்டுச் சோறு அதை மறக்கடித்துவிட்டது போலிருக்கிறது.

கோபத்தில் ஒரு வார்த்தை வந்துவிட்டது. அதற்காகப் புருஷனை விட்டுப் பையைத் தூக்குவதா? நீ பேசாத பேச்சா? அன்று பட்டறையில் தனபாக்கியம் அக்கா இரும்புச் சட்டைக்கு உள்ளே போடும் பஞ்சுச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். நீ சொன்னாய்: "இவரு மேல சட்டயப் போட்டா ஆணியில மாட்டன மாதிரி கீதுக்கா. தோ, தொர மேல போட்டுப் பாரு, ராஜா மாதிரி கீது." அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நான் பையைத் தூக்கினேனா? நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆறு வருடமாக நீ செய்த ஒவ்வொரு சட்டையையும் போட்டுக்கொண்டு நின்றவன் நான். கையைத் தூக்கு என்றால் தூக்கினேன், திரும்பு என்றால் திரும்பினேன். பதினோரு கிலோ இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை நின்றிருக்கிறேன். ஹென்ரிக் என்று ஒருவன் தன் உடம்பளவை எழுதி அனுப்பினான். உடனே நீ கோணித் துணியில் தேங்காய் நாரைத் திணித்து அவன் அளவுக்கு ஒரு பொம்மை கட்டினாய். அதற்குத் துரை என்று பேர் வேறு. பஞ்சுச் சட்டையைப் போட்டு நாடா கட்டுகிறேன் என்று அதைப் பின்னாலிருந்து நீ கட்டிப் பிடித்ததை எல்லாம் நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதே. நார் மூட்டை மேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

பட்டறை நன்றாகவே நடக்கிறது. ஹரிதா உன் நாற்காலியில் உட்கார்ந்து வளையம் கோக்கப் பழகுகிறாள். மெயில் அடிக்க வந்த பெண், நாலே நாளில் ஒரு வளையத்துக்குள் நாலு வளையம் விட்டு ஆணி அடித்துவிட்டாள். நல்ல சுறுசுறுப்பான விரல்.

நரசிம்மன்


பிச்சாட்டூர்
18-3-2025

மாமாவுக்கு,

வளையம் வந்தது. நாற்பத்திரண்டில் ஓட்டை ஓரத்தில் இருக்கிறது. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நாலு நாளில் கோத்துவிட்டாளா, சந்தோஷம். எனக்கு நாலு மாதம் ஆயிற்று. அப்போது நீங்கள் என்னை ஒரு நாளாவது சுறுசுறுப்பு என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. அவள் என் இடுக்கியைத் தொட்டாளா? தொட்டிருந்தால் எழுதுங்கள். தொடவில்லை என்றாலும் எழுதுங்கள். இங்கே ஒவ்வொரு ஆணியை அடிக்கும்போதும் அங்கே அவள் என்ன அடிக்கிறாள் என்றுதான் நினைப்பு ஓடுகிறது. எனக்குப் பொறாமைதான். உங்களைப் போல இல்லை என்று சாதிக்கத் தெரியவில்லை.

அது கிடக்கட்டும். துரையை இங்கே அனுப்புங்கள்.

சட்டையை உத்தரத்தில் தொங்கவிட்டு ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோள் அளவு அப்படியே சரியாக இருக்கிறது. மார்பிலிருந்து கீழே மட்டும் குறைகிறது. தோளைச் சரியாகச் செய்த கை மார்புக்கு வந்ததும் எப்படித் தப்பும்? தரையில் விரித்து அளந்தால் வளையச் சட்டை ஒரு அளவு சொல்லும், தொங்கினால் வேறு அளவு சொல்லும். தொங்கும்போது நீளம் கூடி அகலம் குறையும். அதனால்தானே டேப்பை நம்பாமல் உடம்பை நம்பி வேலை செய்கிறோம்? கழுத்தில் தொடங்கி, துரை மேலேயே போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் கீழே இறங்கினேன். எங்கே தவறினேன் என்பதை அந்த உடம்பின் மேல் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். தெரியாமல் பட்டை சேர்த்தால் மறுபடியும் தப்பாகத்தான் போகும். மறுபடி தப்பானால் அந்த ஊரில் என் பேரை இனி யாரும் சிரிக்காமல் சொல்லமாட்டார்கள்.

தாட்சாயணி


திருச்சானூர்
22-3-2025

தாட்சாயணிக்கு,

இடுக்கியை யாரும் தொடவில்லை. எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

துரையை அனுப்புவது நடக்காத காரியம். ஆறேகால் அடி பொம்மையை பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். உங்கள் வீட்டில் எறும்பு அதிகம், நாருக்குள் ஏறிவிடும். அதுவும் இல்லாமல் கங்கையா சித்தூரிலிருந்து புது மார்புக் கவசம் அடித்து அனுப்பப் போகிறார். அதைப் போட்டுப் பார்க்கத் துரை இங்கே வேண்டும். டேப்பை வைத்து ஐம்பது அங்குலம் பார்த்து, கூட நாலு விரல் விட்டுச் சேர்த்தால் முடிந்தது. இதற்குப் போய் ஆராய்ச்சி எதற்கு?

என்னை விட்டுவிட்டு மூன்று வாரம் இருக்கிறாய். அது இல்லாமல் இருக்க முடியவில்லையா?

நரசிம்மன்


பிச்சாட்டூர்
25-3-2025

மாமாவுக்கு,

வியாழக்கிழமை நைனா பூச்சி மருந்து வாங்கத் திருப்பதிக்கு வருகிறார். துரையைக் கட்டி வையுங்கள். கங்கையாவின் கவசத்தை உங்கள் மேல் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ஹரிதா மேல் போட்டுப் பாருங்கள், அவளுக்குத்தான் எல்லாம் சீக்கிரம் வருகிறதே.

தாட்சாயணி


திருச்சானூர்
27-3-2025

தாட்சாயணிக்கு,

உன் ஆளை மாமனாரிடம் ஒப்படைத்திருக்கிறேன். பார்த்து, பத்திரமாக இறக்கிக்கொள்.

நரசிம்மன்


பிச்சாட்டூர்
1-4-2025

மாமாவுக்கு,

துரை வந்து சேர்ந்தார். கண்டக்டர் லக்கேஜாக ஒத்துக்கொள்ளவில்லையாம். "மனுசன் மாதிரி கீது, டிக்கெட் எடு பெரியவரே" என்றாராம். நைனா ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். புத்தூரில் ஏறிய ஒரு அம்மா ரொம்ப தூரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாராம். இதையெல்லாம் சிரிப்பதற்காக எழுதவில்லை. சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

முதுகுப் பக்கத்து முடிச்சு என்னுடையது இல்லை. நான் கயிற்றை இரட்டையாகச் சுற்றிக் கழுத்துக்குக் கீழே முடிவேன். இது ஒற்றைச் சுற்று, இடுப்பில் முடிந்திருக்கிறது. அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே நான் திணித்த நார் பழுப்பாக இருக்கிறது. அதன் மேல் மஞ்சளாகப் புது நார், போன வாரம் வாங்கியது போல வாசனை போகாமல் இருக்கிறது. டேப் வைத்தேன். சரியாக ஐம்பது. மறுபடி கட்டிச் சட்டையைப் போட்டேன். ஹென்ரிக்குக்கு எங்கே நின்றதோ அதே இடத்தில் நின்றது.

இந்த உடம்பின் மேலேயே கோத்து, இந்த உடம்பிலிருந்தே ஜனவரியில் நான் கழற்றிய சட்டை. இரண்டு மாதத்தில் துரை கொழுத்துவிட்டாரா? நான் கோத்துக்கொண்டிருந்த சமயம் யாரோ நாரைப் பிடுங்கியிருக்கிறார்கள். இப்போது இங்கே வருகிறது என்று தெரிந்ததும் திரும்பத் திணித்திருக்கிறார்கள்.

யார் என்று எனக்குத் தெரியும். தோள் முடிந்து மார்புக்கு இறங்கியது டிசம்பரில், கோயில் குளத்துப் பஞ்சமி தீர்த்தத் திருவிழாச் சமயம். அன்று பட்டறை லீவு. நானும் தனபாக்கியம் அக்காவும் குளத்துக்குப் போய்விட்டோம். நீங்கள் கம்பி வாங்கச் சித்தூர் போவதாகச் சொன்னீர்கள். மெயில் அனுப்ப வேண்டும் என்று பட்டறையில் தங்கியவள் ஒருத்திதான். அப்போது ஹரிதா வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என் நாற்காலி மேல் கண். இப்போது உட்கார்ந்தும்விட்டாள்.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் பேசுவீர்கள். ஆனால் வேலையைக் கெடுக்கமாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். ஒரு வாரத்துக்குள் அவளை அனுப்பிவிடுங்கள். ஹரிதா வீட்டுத் தெருவில் இருக்கும் செங்கம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்நேரம் அவள் அம்மா காதுக்கும் போயிருக்கும். அவள் போகாவிட்டால் நானே வந்து தெருவில் நிறுத்திக் கேட்பேன்.

தாட்சாயணி


திருச்சானூர்
5-4-2025

தாட்சாயணி,

ஹரிதா இல்லை. நான்தான்.

உன் கடிதம் வந்த அன்று அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. மறுநாள் அவள் அம்மாவோடு வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "நான் அந்த பொம்மயத் தொட்டதுகூட இல்ல சார், அக்காகிட்ட சொல்லுங்க சார்" என்று அழுதாள். அவள் அம்மா தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி என்னைக் கேள்வி கேட்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அன்று நான் சித்தூர் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பினேன். ஹரிதா முன் அறையில் கம்ப்யூட்டரில் இருந்தாள். நான் பின் வாசல் வழியாக வந்தேன், அவளுக்குத் தெரியாது. துரை நடுவில் நின்றுகொண்டிருந்தது. தோளில் நீ செய்த வேலை மினுமினு என்றிருந்தது. என் தோளில் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. எனக்கு மார்பு முப்பத்தாறு, அவனுக்கு ஐம்பது. பின்னால் முடிச்சை அவிழ்த்து, இரண்டு கை நிறைய நாரைப் பிடுங்கிக் கோணியில் அடைத்து ஸ்வர்ணமுகி ஆற்றங்கரையில் கொட்டிவிட்டு வந்தேன். பஞ்சுச் சட்டையின் நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டதால் மேலே எதுவும் தெரியவில்லை.

சாமி சாட்சியாக உன் வேலையைக் கெடுக்க நினைக்கவில்லை. மறுநாளே நீ கண்டுபிடித்துக் கத்துவாய், துரை இளைத்துவிட்டார் என்று நான் கேலி செய்யலாம் என்றுதான் இருந்தேன். நீ கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, நீ வரிசை வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தாய். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. சட்டை எப்படியாவது ஏறிவிடும் என்று வேண்டிக்கொண்டேன். வீடியோ வந்த அன்று பயத்தில்தான் முந்திக்கொண்டு உன்னைத் திட்டினேன்.

நார் மூட்டை மேல் எனக்குப் பொறாமைதான்.

நரசிம்மன்


பிச்சாட்டூர்
9-4-2025

முதலில் இத்துடன் இருக்கும் தனிச் சீட்டை ஹரிதாவிடம் கொடுங்கள். நீங்கள் படிக்க வேண்டாம். செங்கம்மாவுக்கும் ஹரிதாவின் அம்மாவுக்கும் போன் செய்து நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மா போனை வைத்துவிட்டார். வைக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

இனி உங்களுக்கு. ஒரு மாதமாகத் தட்டு முன்னால் உட்கார்ந்தால் சோற்றில் கை போகவில்லை. "இன்னாடி, துன்னாம கையவே பாத்துகினு கீற?" என்று அம்மா கேட்கிறாள். இது யார் கை என்று பார்த்துக்கொண்டிருந்தேன் மாமா. இருபத்தெட்டாயிரம் வளையம் கோத்த கை எப்படித் தப்பியது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு, டேப் வைத்து நாலு விரல் சேர்க்கச் சொல்லி எழுதினீர்கள்.

நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால் திருப்பிச் சொல்லுங்கள். தனபாக்கியம் அக்கா இருக்க வேண்டும், கங்கையா இருக்க வேண்டும், ஹரிதாவின் அம்மா இருக்க வேண்டும். பிறகு ஹென்ரிக்குக்கு எழுதுங்கள். நீங்கள் தமிழில் சொல்ல, ஹரிதாவே இங்கிலீஷில் அடிக்கட்டும். ஒரு வார்த்தை குறையக் கூடாது.

தாட்சாயணி


திருச்சானூர்
20-4-2025

தாட்சாயணிக்கு,

சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பட்டறைக்கு வரச் சொல்லி, நின்றபடி சொன்னேன். கங்கையா சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். தனபாக்கியம் அக்கா ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை. ஹரிதாவின் அம்மா மட்டும் கிளம்பும்போது என்னிடம், "சொன்னியே நைனா, அது போதும்" என்றார். ஹரிதா மறுபடி வேலைக்கு வருகிறாள். நாற்காலியில் உட்காரவில்லை, கீழே பாய் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். உன் சீட்டைப் பர்ஸில் வைத்திருக்கிறாள், நான் படிக்கவில்லை.

ஹென்ரிக்குக்கும் எழுதினோம். நாரைக் கொட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவன் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். அவர்கள் கூட்டத்தில் என் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறான். இணையத்தில் தன் கடைப் பக்கத்திலும் போட்டுவிட்டான். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். நார்வேயிலிருந்து ஒரு பெண், என் புருஷனுக்கும் இந்த வியாதி உண்டு என்று எழுதியிருக்கிறாள். புதிதாக ஒன்பது சட்டை கேட்டிருக்கிறார்கள். ஒன்பது பேருக்கும் நரசிம்மன் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டுமாம். 'பொறாமைக்காரப் புருஷன்' என்றுதான் என்னை அங்கே எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் நன்றாகவும் இருக்கிறது. உன்னிடம் இனி எதையும் மறைப்பதாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எப்போது வருகிறாய்?

நரசிம்மன்


பிச்சாட்டூர்
6-5-2025

மாமாவுக்கு,

ஹென்ரிக்கின் சட்டை முடிந்துவிட்டது. அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் பட்டை சேர்த்திருக்கிறேன். எங்கே சேர்த்தது என்று நீங்களே தேடினாலும் தெரியாது. துரை மேல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன். அண்ணன் மகள் படித்துச் சொன்னாள். நான் தப்பே செய்யாமல் என் பேரைப் பார்த்து மண்டபம் சிரித்தது. நீங்கள் தப்பைச் செய்துவிட்டு எழுதினீர்கள், உங்கள் பேருக்குப் பூப்படம் பூப்படமாகப் போடுகிறார்கள். சட்டையைக் கோத்தவள் பேர் என்ன என்று ஒருவராவது கேட்டிருக்கிறார்களா என்று அவளை மேலிருந்து கீழே வரை தேடச் சொன்னேன். 'மனைவி' என்றுதான் போட்டிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது மாமா. உங்களுக்கு நாரைப் பிடுங்கத் தோன்றியதே, அது எப்படித் தோன்றியிருக்கும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது.

அதை யோசிக்கும்போதுதான் இன்னொன்றும் தோன்றியது. நாரைப் பிடுங்கிய நாளுக்கு முன்பே துரை நம் பட்டறையில் இரண்டு மாதமாக நின்றுகொண்டிருந்தது. நான் தினமும்தான் நாடா கட்டினேன். நீங்கள் தினமும்தான் பார்த்தீர்கள். அப்போதெல்லாம் சும்மா இருந்துவிட்டுப் பஞ்சமி தீர்த்தத்தன்று ஏன் பிடுங்கினீர்கள்? அதற்கு முந்தின நாள்தான் என் பேர் போட்ட துணிச் சீட்டுகள் பிரஸ்ஸிலிருந்து வந்தன. ஒன்றை எடுத்துத் துரையின் கழுத்தில் குத்தி வைத்துவிட்டுக் குளத்துக்குப் போனேன்.

பொம்மையின் தோளைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்கள் என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அது ஆம்பளைப் புத்தி. என் கை மேலும் என் பேர் மேலும் பொறாமைப்பட்டிருந்தால் அது வேறு. அந்த வீட்டில் உட்கார்ந்து நான் எப்படி வேலை செய்வேன்?

கங்கையாவிடம் தலைக்கவசம் எடுக்கப் போவீர்கள் அல்லவா? அப்படியே காணிப்பாக்கம் போங்கள். குளத்தில் மூழ்கி எழுந்து, பிள்ளையார் முன்னால் நின்று, என் மனைவி பேர் மேல் நான் பொறாமைப்படவில்லை என்று சத்தியம் செய்யுங்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்ய நம் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. செய்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். 18-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கூரியரில் போடத் திருப்பதிக்கு வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். சத்தியம் வந்திருந்தால் அப்படியே வீட்டுக்கு வருவேன். வராவிட்டால் சட்டையைப் போட்டுவிட்டு இந்த ஊருக்கே திரும்பிவிடுவேன்.

தாட்சாயணி


திருச்சானூர்
15-5-2025

தாட்சாயணிக்கு,

செவ்வாய்க்கிழமை காணிப்பாக்கம் போனேன். கங்கையாவும் கூட வந்தார். குளத்தில் இறங்கி மூழ்கினேன். எழுந்தேன். மறுபடி மூழ்கினேன். படியில் என் துண்டை வைத்துக்கொண்டு கங்கையா, "ஏமய்யா, இங்கா எந்தசேப்பு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் ஈர வேட்டியோடு உள்ளே போய் நின்றேன். பக்கத்தில் ஒருவன் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான். கணீரென்று சொன்னான். எனக்கு வாய் திறக்கவில்லை. அர்ச்சகர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நீ நினைத்தது சரி. அந்தச் சீட்டுதான்.

சென்னை எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாலு வருடம் கம்பி சுற்றி, ஆணி அடித்து, அடி வாங்கிக் கற்றுக்கொண்ட வேலை இது. உனக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே வருடத்தில் நீ என்னைத் தாண்டிவிட்டாய். நான் கோத்ததில் இடைவெளி விழும், உன்னுடையதில் விழாது. நானே இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பி வெட்டப் போய்விட்டேன், யாரும் சொல்லவில்லை. சரி, போட்டுப் பார்க்கவாவது நான் வேண்டும் என்று இருந்தேன். துரை வந்ததும் அதுவும் போயிற்று. ஆனாலும் சீட்டில் என் பேர் இருந்தது. அன்று பின் வாசல் வழியாக வந்தபோது துரையின் கழுத்தில் உன் பேரைப் பார்த்தேன். அந்தச் சட்டையில் என்னுடையது என்று இனி ஒன்றும் இல்லை என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் கை முடிச்சுக்குப் போயிற்று. தோள், மார்பு என்று முன்பு எழுதியது பொய் இல்லை. ஆனால் பாதிதான்.

நீ மறுநாளே கண்டுபிடிக்கவில்லை என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் கைக்கும் தப்பு வரும் போலிருக்கிறதே என்று ஒரு சந்தோஷம்.

செய்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் இருப்பாய். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஆகவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உன் முன்னால் நிற்கப்போவதில்லை. எனக்கு முகம் இல்லை. கூரியர்க்காரன் அனுப்புகிறவர் பேர் கேட்பான். நரசிம்மா ஆர்ட்ஸ் என்று பழக்கத்தில் எழுதிவிடாதே.

நரசிம்மன்


திருப்பதி பஸ் ஸ்டாண்டு
18-5-2025, மாலை 4 மணி

மாமாவுக்கு,

கூரியர் ரசீதின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருச்சானூர் போகிற ஷேர் ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். சட்டை போய்விட்டது, என் பேரில்தான் போயிருக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். "இன்னாதான் எழுதிக்கீறாரு?" என்று அம்மா கேட்டாள். நிஜத்தை எழுதியிருக்கிறார் என்றேன். என் கை தப்பியது என்று சந்தோஷப்பட்டதாக எழுதினீர்களே, அந்த வரியை மன்னிக்க எனக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை. அவசரப்படுத்தாதீர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சத்தியம் வராவிட்டால் வீட்டுக்கு வரமாட்டேன் என்றுதான் எழுதினேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வரக் கூடாது என்று எங்காவது எழுதினேனா? பன்னிரண்டு மணியிலிருந்து இந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பஸ்ஸை விட்டுவிட்டேன். ஐந்தாவது கிளம்புகிறது, இதில் ஏறிவிடுவேன்.

ஒன்பது சட்டைக்கும் வளையம் வேண்டும். பார்சலில் போடாதீர்கள், நீங்களே பிச்சாட்டூருக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். ஹரிதாவிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

தாட்சாயணி